‘ஆபரேஷன் இல்லாமல்’ என்பதற்கு ஒரு பெயர் வேண்டும்

சற்று நீண்ட பதிவு. பொருளும் நாம் பொதுவில் பேசத் தயங்குவது. மலத்தை அடக்க இயலாமை, நாட்பட்ட மலச்சிக்கல், சிறுநீர்க் கசிவு, கருப்பை இறக்கம், மலக்குடல் வெளித்தள்ளல் ஆகியவற்றை இன்றைய மருத்துவம் இடுப்புத்தளக் கோளாறுகள் என்று ஒரு தொகுதியாகப் பார்க்கிறது. நான் மருத்துவம் பயிலவில்லை. மொழியியலில் முதுகலை முடித்து, மருத்துவமனை உரையாடல்களைப் பற்றி ஹைதராபாத்தில் ஆய்வு செய்துவருகிறேன். எனவே எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்வது என் வேலையன்று. ஆனால் இக்கோளாறுகளுக்கான சிகிச்சைகளில் ஒரு பெரும்பகுதி சொல்லாலேயே நடைபெறுகிறது. அப்பகுதிக்கு நம் மொழியில் ஒரு நேர்ப்பெயர்கூட இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மருத்துவச் சிக்கல் மொழிச் சிக்கலாகவும், அதற்கும் மேலாகப் பணச் சிக்கலாகவும் விரிவது தெரியும்.

முதலில் உறுப்பைப் பற்றிச் சுருக்கமாக. இடுப்பெலும்பு வளையத்தின் அடிப்பகுதியில் முன்னிருந்து பின்னாகக் கட்டிய தூளியைப் போலத் தசைகள் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் இத்தூளியின்மேல் அமர்கின்றன. அத்தசைகளுள் ஒன்று மலக்குடலைப் பின்புறமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடியால் குடலில் ஒரு வளைவு உண்டாகிறது. அவ்வளைவு மலத்தைத் தாங்க உதவுகிறது. மலம் கழிக்கும்போது அத்தசை தளர வேண்டும், வளைவு நிமிர வேண்டும். தூளி தொய்ந்தால் உறுப்புகள் இறங்கும். தளர வேண்டிய நேரத்தில் தசை இறுகினால், எவ்வளவு முக்கினாலும் மலம் வெளியேறாது. மகப்பேற்றில் சுருக்குத்தசை கிழிந்தால் காற்றும் மலமும் அடங்கா.

இக்கிழிவு அரிய நிகழ்வன்று. 1993இல் லண்டனில் அப்துல் சுல்தான் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை சுகப்பிரசவமான 79 பெண்களை ஆறு வாரம் கழித்து ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது 28 பேருக்குச் சுருக்குத்தசையில் குறை காணப்பட்டது. அதாவது 35 விழுக்காடு. அவர்கள் அனைவருக்கும் தொல்லை இருந்தது என்று பொருளில்லை. ஆனால் ‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லின் நிழலில் எவ்வளவு மறைந்து கிடக்கிறது என்பதை அது காட்டியது. பேறுகால மறுபரிசோதனையில் குழந்தையின் எடையும் தாய்ப்பாலும் கேட்கப்படுகின்றன. ‘காற்றை அடக்க முடிகிறதா’ என்று கேட்கப்படுவது அரிது.

இனி மொழிக்கு வருவோம். இக்கோளாறுகளுக்கு நம் மக்களிடம் சொற்கள் இல்லாமலில்லை. ‘அடி தள்ளுகிறது’, ‘கீழே ஏதோ இறங்கினாற்போல் இருக்கிறது’, ‘இருமினால் நனைந்துவிடுகிறது’ என்பனவெல்லாம் துல்லியமான விவரிப்புகள். சிக்கல் அவற்றுக்கு அடுத்த படியில் தோன்றுகிறது. ஆசனவாயில் எது வந்தாலும் அது ‘மூலம்’ ஆகிவிடுகிறது. வெடிப்பும் மூலம், சதை வளர்ச்சியும் மூலம், குடலே வெளியே தள்ளினாலும் மூலம். ‘குடலிறக்கம்’ என்ற சொல்லை ஹெர்னியா எடுத்துக்கொண்டதால், மலக்குடல் இறங்குவதைத் தனித்துச் சொல்ல மக்களிடம் ஒரு சொல் எஞ்சவில்லை. இப்பொதுமையில் ஓர் ஆபத்தும் உண்டு: மலத்தில் இரத்தம் போவது குடற்புற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். மூலம் என்று தாமே பெயர் சூட்டிக்கொண்டவர் சுவர் விளம்பரத்தில் கண்ட முகவரிக்குப் போகிறார்; பரிசோதனைக்குப் போவதில்லை.

சிகிச்சையின் பெயரில் குறை இன்னும் ஆழமானது. ‘ஆபரேஷன்’ என்பது எவருக்கும் விளங்கும் பெயர்ச்சொல். அதற்குத் தேதி உண்டு, செலவுக் கணக்கு உண்டு, தழும்பு உண்டு, உறவினர் வந்து பார்க்கும் மரபும் உண்டு. ஆங்கில மருத்துவ நூல்கள் ‘கன்சர்வேடிவ்’ என்று குறிக்கும் மறுவகைச் சிகிச்சையை நாம் எவ்வாறு சொல்கிறோம்? ‘ஆபரேஷன் இல்லாமல்’. ஓர் இன்மையாக மட்டுமே அதைச் சொல்ல முடிகிறது. இணையத்து இயந்திர மொழிபெயர்ப்போ ‘பழமைவாத சிகிச்சை’ என்று தருகிறது. அரசியல் கட்சிக்குப் பொருந்தும் அடைமொழி இடுப்புத் தசைக்கு வந்து சேர்கிறது. அவ்வாங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது காத்தல், பேணல் என்ற பொருள்: உறுப்பை இருந்தபடியே வைத்துக்கொண்டு அதன் செயலை மீட்பது. ‘பேணல் சிகிச்சை’ என்று நான் இப்பதிவில் எழுதப்போகிறேன். இதனினும் சிறந்த சொல் கிடைத்தால் மகிழ்ச்சி. வேண்டுவது, இன்மையைச் சுட்டாமல் உள்ளதைச் சுட்டும் ஒரு சொல்.

உள்ளது என்ன? உணவில் நார்ப்பொருளையும் நீரையும் சீர்செய்தல், மலத்தின் தன்மையை மருந்தால் மாற்றுதல், கழிக்கும் நேரத்தையும் அமரும் நிலையையும் திருத்துதல், இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி, தசையின் இயக்கத்தைத் திரையில் காட்டிப் பழக்கும் பயோஃபீட்பேக், கருப்பை இறக்கத்துக்கு யோனியில் பொருத்தும் பெசரி வளையம். அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் தசைப் பயிற்சியைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் இன்று கைப்பேசிச் செயலிகள்கூட வந்துவிட்டன. ஆனால் அவர் பயிற்சியை வெறும் வாய்மொழியாக விடவில்லை. தசையின் அழுத்தத்தை அளக்க ஒரு கருவியையும் வகுத்தார் என்பதை அச்செயலிகள் மறந்துவிடுகின்றன.

இங்கேதான் மொழியியல் மாணவருக்கு வேலை இருக்கிறது. 1991இல் ரிச்சர்டு பம்ப் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 47 பெண்களுக்குச் சுருக்கமான வாய்மொழி அறிவுரை தந்து, பின் அவர்கள் தசையை எவ்வாறு இயக்குகிறார்கள் என்று அளந்தார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்தது, கசிவைக் கூட்டக்கூடிய எதிர் இயக்கம். மேலே இழுக்க வேண்டிய தசையைக் கீழே தள்ளினார்கள். கேட்டவர்களின் அறிவுக் குறையாக இதைக் கொள்ள முடியாது. கண்ணுக்குத் தெரியாத, அதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஒரு தசையை ஒரு வாக்கியத்தைக் கொண்டு இயக்கச் சொன்னால் இதுவே நேரும்.

தமிழில் இது எவ்வாறு நேரும் என்று எண்ணிப் பாருங்கள். பிரசவ அறையில் ஒரு பெண் மீண்டும் மீண்டும் கேட்கும் ஏவல் ‘முக்கு’. அவ்வுறுப்பைப் பற்றி அவள் வாழ்நாளில் பெற்ற ஒரே வெளிப்படையான கட்டளை அதுவாகவே இருக்கலாம். பின்னர் அவளிடம் ‘அடித்தசையை டைட் பண்ணுங்கள்’ என்றால் அவள் வயிற்றை இறுக்குவாள், தொடையை இறுக்குவாள், மூச்சைப் பிடித்து முக்குவாள். ‘நாலு பேர் நடுவில் காற்று வருகிறது, அதை வெளியே விடாமல் உள்ளே இழுப்பதுபோல இழுங்கள், மூச்சை மட்டும் பிடிக்காதீர்கள்’ என்று சொன்னால் விளங்கும். அதைச் சொல்வதற்கு நேரமும் தனியறையும் கூச்சம் தவிர்த்த மொழியும் வேண்டும். நெரிசலான புறநோயாளர் பிரிவில் இம்மூன்றும் ஒருங்கே கிடைப்பதில்லை. ஆகவே, ‘எக்சர்சைஸ் செய்து பார்த்தேன், பலனில்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர் செய்தது எது என்று கேட்காமல் அடுத்த படிக்குப் போவது நியாயமாகாது.

முறையாகச் செய்தால் பயன் உண்டா? உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2014இல் லான்செட் இதழில் வெளிவந்த பாப்பி ஆய்வில், உறுப்பிறக்கம் உள்ள 447 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு குழுவினருக்கு 16 வாரங்களில் ஐந்து முறை தனித்தனியே பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு முடிவில் அக்குழுவில் தொல்லை குறைந்தது, மேற்சிகிச்சை நாடியோரும் குறைந்தார்கள். தசை தளராமையால் வரும் மலச்சிக்கலில் வேறுபாடு இன்னும் பெரிது. இத்தாலியில் கியாரியோனி முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பயோஃபீட்பேக் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினரும் பேதிமருந்து பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் ஆறு மாதத்தில் பெரும் முன்னேற்றம் கண்டார்கள். இவ்வகை மலச்சிக்கலில் குறை இருப்பது தசை கற்றுக்கொண்ட பழக்கத்தில். பழக்கத்தைப் பயிற்சிதான் மாற்றும்.

ஆனால் கருவியே மருந்து என்றும் கொள்ளலாகாது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் கிறிஸ்டின் நார்ட்டன் முதலியோர் மலம் அடக்க இயலாத 171 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். அறிவுரை மட்டும் பெற்றவர்களும் கணினி வழி பயோஃபீட்பேக் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். சிகிச்சையாளரோடு நோயாளர் கொள்ளும் உறவும், நோயோடு வாழும் திறனைக் கற்பதும் பயிற்சியையும் கருவியையும் விட முக்கியமாகத் தோன்றுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2020இல் 600 பெண்களைக் கொண்டு சிறுநீர்க் கசிவுக்கு நடந்த ஓபல் ஆய்விலும், தசைப் பயிற்சியோடு பயோஃபீட்பேக்கைச் சேர்த்ததால் கூடுதல் பயன் காணப்படவில்லை. இம்முடிவுகள் ஏழை நாடுகளுக்கு நற்செய்தி. விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும், பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்து பேசினால் கணிசமானோர் தேறுகிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால் அறுவைக்கு எதிராக எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. மலக்குடல் முழுமையாக வெளியே வந்துவிட்ட முதியவருக்குப் பயிற்சி அதை உள்ளே கொண்டு சேர்க்காது. பிரசவத்தில் சுருக்குத்தசை கிழிந்தால் அப்போதே தைக்க வேண்டும். சிறுநீர்க் கசிவில் அறுவை வென்ற ஆய்வும் உண்டு: நெதர்லாந்தில் 460 பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அறுவைக் குழுவில் 90.8 விழுக்காட்டினரும் இயன்முறைப் பயிற்சிக் குழுவில் 64.4 விழுக்காட்டினரும் முன்னேற்றம் தெரிவித்தார்கள். பயிற்சிக் குழுவில் 49 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் தாமே அறுவைக்கு மாறினார்கள். இதே எண்ணை மறுபுறமிருந்தும் படிக்கலாம்: மற்றப் பாதிப்பேர் அவ்வாண்டை அறுவையின்றியே கழித்தார்கள். இரண்டு வாசிப்பையும் நோயாளியின்முன் வைத்துவிட்டு, முடிவை அவரிடம் விடுவதே நேர்மை.

அம்முடிவை நோயாளியிடமிருந்து பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு யோனிவழி வலைப்பொருத்தம் உலகறிந்த எடுத்துக்காட்டு. உறுப்பிறக்கத்தைச் சரிசெய்யப் பாலிப்ரொப்பிலீன் வலைகள் 2000களில் பெருமளவில் விற்பனையாயின. சிலருக்கு வலை திசுவை அரித்து வெளிவந்தது. வலியும் தொற்றும் தொடர்ந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இலும் 2011இலும் எச்சரித்து, 2016இல் அதை உயர் அபாய வகையில் சேர்த்து, 2019 ஏப்ரலில் யோனிவழி உறுப்பிறக்கச் சீரமைப்பு வலைகளின் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது. பிரிட்டனில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான விசாரணை 2020இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பெண்கள் ஆண்டுக்கணக்கில் சொன்ன வலி, பெண்களுக்கு வழக்கமாய் வருவதுதான் என்று ஒதுக்கப்பட்டதை அவ்வறிக்கை பதிவு செய்தது. வலை கெட்டது என்ற எளிய பாடத்தை இதிலிருந்து எடுக்கக் கூடாது. கசிவுக்கான பட்டைப் பொருத்தமும் வயிற்றுவழி வலைச் சீரமைப்பும் அவ்வாணைக்கு உட்பட்டவையல்ல. நோயாளியின் சொல்லுக்குச் சான்று மதிப்பு இல்லாத இடத்தில் தவறு திருந்தப் பத்தாண்டு ஆகும் என்பதே பாடம்.

இந்தியாவில் நம் கவலை வலையைவிடக் கருப்பை நீக்கம் பற்றியது. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் கருப்பையை இழந்திருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. நான் வாழும் தெலங்கானாவும் அண்டையிலுள்ள ஆந்திரமும் பட்டியலின் உச்சியில் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், வேலைநாள் இழப்புக்கு அஞ்சி இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நிகழ்ந்த தேவையற்ற நீக்கங்களைப் பற்றிய பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டது. இந்நீக்கங்கள் பலவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம் இரத்தப்போக்கு. இறக்கமும் காரணங்களுள் ஒன்று. இறங்கிய கருப்பையை எடுத்துவிட்டால் தூளியின் தொய்வு தீர்ந்துவிடுவதில்லை. யோனியின் மேற்பகுதி பின்னர் இறங்கலாம். கருப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் அறுவை முறைகளைப் பம்பாயின் சிரோத்கர், புரந்தரே ஆகியோர் சென்ற நூற்றாண்டிலேயே வகுத்தார்கள். அறுவைக்குள்ளேயே பேணும் மரபு நமக்கு உண்டு என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறேன்.

பௌத்திரத்துக்கான க்ஷாரசூத்திரமும் அம்மரபைச் சேர்ந்தது. மருந்தேற்றிய நூலைப் பௌத்திரப் பாதையில் கட்டி, நூலை மாற்றி மாற்றி மெல்ல அறுக்கும் ஆயுர்வேத முறை அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை அறுவையோடு ஒப்பிட்டு 1991இல் முடிவை வெளியிட்டது. ஆறுவதற்கு நூலுக்கு 8 வாரமும் அறுவைக்கு 4 வாரமும் ஆயின. மீண்டும் வந்தது நூலில் 4 விழுக்காடு, அறுவையில் 11 விழுக்காடு. மரபு என்பதால் போற்றாமலும் மரபு என்பதால் தள்ளாமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேணல் முறைகள் அனைத்துக்கும் நாம் கோர வேண்டிய மரியாதை இத்தகையதே.

இனிப் பணம். 2018இல் தொடங்கிய பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. சேர்க்கைக்கு முன் 3 நாள், பின் 15 நாள் செலவும் அதில் அடங்கும். தனித்த புறநோயாளர் சிகிச்சை அடங்காது. பிரிட்டனின் நைஸ் நெறி, சிறுநீர்க் கசிவுக்குக் குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையோடு கூடிய தசைப் பயிற்சியை முதலில் தரச் சொல்கிறது. உறுப்பிறக்கத்தின் தொடக்க நிலைகளுக்கு 16 வாரம். இந்த மூன்று மாதம் நம் காப்பீட்டின் எந்தக் கட்டத்துக்குள்ளும் அமராது. கருப்பை நீக்கம் அமரும். ஏழைப் பெண்ணுக்கு இலவசமாகக் கிடைப்பது கத்தி; பயிற்சிக்கு அவள் பேருந்துக் கட்டணமும் கூலி இழப்பும் சேர்த்துத் தர வேண்டும். ‘எங்கள் பெண்களுக்குப் பயிற்சி செய்யப் பொறுமை இல்லை’ என்ற குற்றச்சாட்டை நான் ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம். பொறுமைக்கு விலை இருக்கிறது. அவ்விலையை யார் தருவது என்பதே கேள்வி.

ஆகவே நான் வேண்டுபவை நான்கு. அவசரமில்லாத எந்த இடுப்புத்தள அறுவைக்கும் முன், பேணல் சிகிச்சை எவ்வளவு காலம், யாருடைய மேற்பார்வையில் தரப்பட்டது என்று ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட வேண்டும். அப்படிவம் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள் மேற்பார்வையுள்ள பயிற்சியை ஒரு தொகுப்பாக ஏற்க வேண்டும். பேறுகால மறுபரிசோதனையில் கசிவைப் பற்றிய இரண்டு கேள்விகள் கட்டாயமாக வேண்டும். மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இப்பயிற்சியறிந்த இயன்முறை மருத்துவர் ஒருவரேனும் வேண்டும். 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் இயன்முறையாளர்களுக்குத் தந்துள்ள தனித் தகுதி பணியிடங்களாகவும் மாற வேண்டும்.

நம் துறையினருக்கு ஐந்தாவதாக ஒன்று. கலைச்சொல் ஆக்கத்தை நாம் நெடுங்காலம் பாடநூலுக்கான வேலையாகவே கண்டோம். ‘பெல்விக் ஃப்ளோர்’ என்பதற்கு இணைச்சொல் தந்தவுடன் கடமை முடிந்தது என்று எண்ணினோம். அச்சொல்லைக் கேட்கும் பெண் சரியான தசையை மேலே இழுக்கிறாளா, கீழே தள்ளுகிறாளா என்பதே அச்சொல்லின் தேர்வு. அத்தேர்வை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் இயன்முறை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்து, எந்தத் தமிழ் வாக்கியம் எத்தனை பேருக்குச் சரியாகச் சென்று சேர்கிறது என்று சோதிக்கலாம். தெலுங்கிலும் உருதுவிலும் கன்னடத்திலும் அவ்வாறே. ஒரு முனைவர் பட்டத்துக்கு இதைவிடத் தகுதியான பொருள் வேண்டுமா என்று இளநண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மருத்துவம் பயின்ற நண்பர்கள் இதில் பிழை கண்டால் தயங்காமல் திருத்துங்கள். ‘பேணல் சிகிச்சை’யைவிடப் பொருத்தமான சொல் உங்கள் வட்டார வழக்கில் இருந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டில் தாயோ பாட்டியோ வெளியூர்ப் பயணத்தைக் காரணம் சொல்லாமல் தவிர்த்துக்கொண்டிருந்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.